மைட்டோகாண்ட்ரியா நலமா? செல் வளர்ப்பு அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தின் செல் வளர்ப்பு அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்காகத் திருச்சி, கோவை, மதுரைப் பக்கமிருந்து மாணவர்கள் வருவார்கள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. மீட்டிங்கில் ஆங்கிலத்தில் கேட்கத் தயங்குகிற சந்தேகத்தை இங்கே வந்து தமிழில் கேட்பார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை: செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா நலமாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அதனால் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளை எழுதி, கீழே பதிலைப் போட்டிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை, எனவே முதல் தடவை மேலிருந்து கீழாகப் படித்துவிடுங்கள்.

"மைட்டோகாண்ட்ரியா நல்லா இருக்கான்னு பாரு"ன்னு கைடு சொல்லிட்டார். எதை அளக்கணும் அக்கா?

நல்லா இருக்கிறதா என்பதை ஒரே எண்ணில் காட்டும் கருவி எதுவும் இல்லை. செல்லில் மைட்டோகாண்ட்ரியா எவ்வளவு இருக்கிறது, அதன் உட்சவ்வில் மின்னழுத்தம் எவ்வளவு, ஆக்சிஜனை எவ்வளவு வேகமாக எடுக்கிறது, ஏடிபி (ATP, செல் ஆற்றலுக்குச் செலவழிக்கும் பொருள்) எவ்வளவு செய்கிறது, சூப்பராக்சைடு (தீங்கு செய்யக்கூடிய ஒரு வகை ஆக்சிஜன்) எவ்வளவு கசிகிறது, வடிவம் எப்படி, பழுதானதைச் செல் அகற்றுகிறதா என்று கேள்விகள் பல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முறை. ஒன்று குறைந்தால் மற்றதும் குறைய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பின்னணி இதுதான். உணவிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்கள் உட்சவ்விலுள்ள சுவாசச் சங்கிலி வழியாக ஆக்சிஜனைப் போய்ச் சேர்கின்றன. போகிற வழியில் காம்ப்ளெக்ஸ் 1, 3, 4 ஆகிய மூன்று புரதக் கூட்டங்களும் புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகின்றன. அந்தப் புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி வழியாக உள்ளே திரும்பும்போது ஏடிபி உருவாகிறது. பீட்டர் மிட்செல் 1961இல் முன்வைத்த கருத்து இது, 1978இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. கீழே வரும் முறைகளில் பெரும்பாலானவை இந்தப் பாதையில் ஏதோ ஓர் இடத்தைத்தான் எட்டிப் பார்க்கின்றன. எந்த இடம் என்று நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் சாயம் ஆர்டர் பண்ணுங்கள்.

எம்டிடி போட்டாச்சு. ஊதா கலர் குறைஞ்சிருக்கு. அப்போ மைட்டோகாண்ட்ரியா பாதிச்சிருக்குன்னு எழுதலாமா?

எழுத வேண்டாம். 1983இல் வெளியான இந்த முறையில் மஞ்சள் நிற எம்டிடி செல்லுக்குள் ஒடுக்கம் அடைந்து ஊதா நிற ஃபார்மசானாக மாறுகிறது, அதை 570 நானோமீட்டரில் படிக்கிறோம். பழைய பாடப்புத்தகங்களில் இது முழுக்க மைட்டோகாண்ட்ரியாவின் வேலை என்று இருக்கும். உண்மையில் பெரும்பங்கு சைட்டோபிளாசத்திலும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்திலும் உள்ள நொதிகளால் நடக்கிறது. செல் எண்ணிக்கை குறைந்தாலும், வளர்ச்சி நின்றாலும், குளுக்கோஸ் தீர்ந்தாலும் நிறம் குறையும்.

எம்டிடியை எந்த டோசில் செல் பிழைக்கிறது என்று தேட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற அளவீடுகளைச் செல் சாகாத டோசில் செய்ய வேண்டும். செத்துக்கொண்டிருக்கிற செல்லில் எல்லாமே குறையும், அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

செல் பார்க்க நல்லாத்தான் இருக்கு. மைக்கோபிளாஸ்மா டெஸ்ட் கட்டாயமா?

கட்டாயம். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவர் கிடையாது, அதனால் பென்சிலின் வேலை செய்யாது. 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியிலும் புகுந்து போய்விடும். மீடியம் (செல் வளரும் திரவம்) கலங்காது, சாதாரண மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது. ஆனால் உங்கள் செல்லின் சத்தை அது தின்கிறது, எம்டிடியையும் ஒடுக்குகிறது, ஏடிபி அளவையும் குழப்புகிறது.

பிசிஆர் செய்வது நல்லது. அதற்கு வழியில்லை என்றால் ஹெக்ஸ்ட் அல்லது டாப்பி (டிஎன்ஏவை ஒளிரவைக்கும் சாயங்கள்) போட்டுப் பாருங்கள். நியூக்ளியஸுக்கு வெளியே பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் அந்த ஃபிளாஸ்க்கை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். புனேயிலுள்ள தேசியச் செல் சேமிப்பகமான என்சிசிஎஸ்ஸிலிருந்து நேராக வாங்கிய செல் என்று சிலர் வாதாடுவார்கள். அங்கிருந்து கிளம்பும்போது சுத்தமாக இருந்தது பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து ஃபிளாஸ்க்கிலிருந்து ஒட்டிக்கொண்டது பற்றித்தான் கேட்கிறேன்.

மீடியத்துல குளுக்கோஸ் எவ்வளவுன்னு ஏன் எப்பப் பார்த்தாலும் கேட்கிறீங்க?

வழக்கமான ஹை குளுக்கோஸ் டிஎம்இஎம் மீடியத்தில் லிட்டருக்கு 4.5 கிராம், அதாவது 25 மில்லிமோலார் குளுக்கோஸ் இருக்கிறது. சாப்பிடாத வேளையில் நம் ரத்தத்தில் இருப்பதைப் போல சுமார் ஐந்து மடங்கு. இவ்வளவு சர்க்கரை கிடைத்தால் பல புற்றுநோய் செல்கள் கிளைக்காலிசிஸை (மைட்டோகாண்ட்ரியா இல்லாமல் சர்க்கரையை உடைத்து ஏடிபி பெறும் வழி) வைத்தே காலம் தள்ளும், ஆக்சிஜன் நுகர்வையும் குறைத்துக்கொள்ளும். கிராப்ட்ரீ 1929இல் கவனித்தது இதைத்தான். இந்த நிலையில் ரொட்டினோன் போட்டு காம்ப்ளெக்ஸ் 1ஐ அடைத்தால்கூட ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுநோய் செல்கள் பெரிதாகக் கண்டுகொள்ளாது.

அதனால் குளுக்கோஸுக்குப் பதில் 10 மில்லிமோலார் கேலக்டோஸ் கொடுத்து வளர்க்கிறார்கள். கேலக்டோஸ் கிளைக்காலிசிஸுக்குள் நுழைவது மெதுவாக நடப்பதால் செல் மைட்டோகாண்ட்ரியாவை நம்ப வேண்டியதாகிறது. ஒரே மருந்தை இரண்டு மீடியத்திலும் கொடுத்து, கேலக்டோஸில் மட்டும் செல் செத்தால் அந்த மருந்து மைட்டோகாண்ட்ரியாவைத் தொடுகிறது என்று சந்தேகிக்கலாம். மலிவு, கருவி எதுவும் வேண்டாம், தெளிவான பதில் வரும். இதை ஏன் இத்தனை பேர் செய்யாமல் விடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. சீரத்திலும் குளுக்கோஸ் இருக்கிறது, அதனால் டயலைஸ் செய்த சீரம் பயன்படுத்துங்கள். செல் பழகக் கொஞ்சம் அவகாசமும் கொடுங்கள்.

ஜேசி-1ஆ, டிஎம்ஆர்எம்மா? சீனியர் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டும் உட்சவ்வின் மின்னழுத்தத்தைக் காட்டும் ஒளிரும் சாயங்கள், நேர்மின் சுமை கொண்டவை. மைட்டோகாண்ட்ரியாவின் உட்புறம் எதிர்மின் பக்கம் என்பதால் அங்கே போய்ச் சேர்கின்றன. 37 டிகிரியில் ஒவ்வொரு 61.5 மில்லிவோல்ட்டுக்கும் சாயம் பத்து மடங்கு குவியும். 150 மில்லிவோல்ட் என்றால் சுமார் 275 மடங்கு. அதற்கு முன்பே செல் சவ்வின் மின்னழுத்தம் சாயத்தை உள்ளே இழுத்திருக்கும். 60 மில்லிவோல்ட் இருந்தால் அதுவே ஏறக்குறைய பத்து மடங்கு. இதை நினைவில் வையுங்கள். உங்கள் மருந்து செல் சவ்வை மட்டும் பாதித்தாலும் ஒளிர்வு குறையும், பழி மைட்டோகாண்ட்ரியா மேல் விழும்.

ஜேசி-1 குறைந்த செறிவில் பச்சையாகவும் (529 நானோமீட்டர்) கூட்டாகச் சேர்ந்தால் சிவப்பாகவும் (590 நானோமீட்டர்) ஒளிரும். படம் அழகாக வரும், அதனால்தான் பலருக்குப் பிடிக்கிறது. ஆனால் சிவப்புக் கூட்டுகள் சமநிலைக்கு வர ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். சாயம் எவ்வளவு ஏறியது என்பதைப் பொறுத்தே விகிதம் மாறும், மீடியத்தில் திரிந்து படியவும் செய்யும். அப்போப்டோசிஸில் (செல் தன்னையே அழித்துக்கொள்ளும்போது) மின்னழுத்தம் போய்விட்டதா இல்லையா என்ற கேள்விக்கு, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில், ஜேசி-1 போதும். 'கொஞ்சம் குறைந்திருக்கிறதா' என்ற கேள்விக்கு டிஎம்ஆர்எம் அல்லது டிஎம்ஆர்இ. என் ஓட்டு டிஎம்ஆர்எம்முக்கு.

சரி, டிஎம்ஆர்எம் எவ்வளவு போடணும்? பாட்டிலோட வந்த தாளில் பெரிய நம்பரா இருக்கே?

5 முதல் 20 நானோமோலார். மைக்ரோமோலார் இல்லை, நானோமோலார். 37 டிகிரியில் 30 முதல் 45 நிமிடம் வைத்து, படம் எடுக்கும்போதும் அதே அளவு சாயம் மீடியத்தில் இருக்கட்டும். கழுவிவிட்டுப் பார்த்தால் சாயம் வெளியேறிக்கொண்டே இருக்கும், பிளேட்டின் முதல் வெல்லுக்கும் (குழிக்கும்) கடைசி வெல்லுக்கும் எண் வேறாக வரும்.

கன்ட்ரோல் இரண்டு வேண்டும். எஃப்சிசிபி போன்ற அன்கப்ளர் (புரோட்டான்களை ஏடிபி சிந்தேஸைத் தொடாமல் உள்ளே கசியவிடும் மருந்து) போட்டால் ஒளிர்வு விழ வேண்டும். ஏடிபி சிந்தேஸை அடைக்கும் ஒலிகோமைசின் போட்டால் அப்படியே இருக்கலாம் அல்லது சற்று ஏறலாம். இந்த இரண்டும் ஒழுங்காக வராத நாளில் உங்கள் மருந்தின் முடிவைப் பார்க்கவே வேண்டாம். இன்னொன்று, சில செல்களில் மருந்துகளை வெளியே தள்ளும் பம்புகள் சாயத்தையும் தள்ளிவிடும். மருந்து எதிர்ப்பு பெற்ற புற்றுநோய் செல்களில் இதைத் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும்.

எஃப்சிசிபி போட்டா குறையணும்னு சொன்னீங்க. எனக்குக் கூடிடுச்சே!

சாயம் அதிகம் போட்டிருப்பீர்கள். சுமார் 50 முதல் 100 நானோமோலாருக்கு மேல் போனால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சாயம் நெருக்கியடித்து ஒன்றின் ஒளிர்வை ஒன்று அணைத்துவிடும். எஃப்சிசிபி போட்டதும் அது வெளியே வந்து சைட்டோபிளாசத்தில் பரவும், அணைந்திருந்தது ஒளிரும், மொத்த ஒளிர்வு ஏறும். கொஞ்ச நேரம் கழித்து செல்லைவிட்டே வெளியேறும்போது இறங்கும். நொடிக்கு நொடி மாற்றத்தைத் தொடர விரும்புகிறவர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்வார்கள். இரண்டு குழுக்களின் நிலையான அளவை ஒப்பிடுகிறவருக்கு இது உதவாது, மேலே சொன்ன செறிவுக்கு இறங்குங்கள்.

ஃபிக்ஸ் பண்ணி வச்சுட்டு நாளைக்கு கான்ஃபோகல் ஸ்லாட்ல பார்க்கலாமா?

டிஎம்ஆர்எம், ஜேசி-1 இரண்டிலும் முடியாது. ஃபிக்ஸ் செய்தால் மின்னழுத்தம் போய்விடும், கூடவே சாயமும். மைட்டோடிராக்கர் ரெட் சிஎம்எக்ஸ்ராஸ் என்ற சாயம் புரதங்களோடு பிணைந்து நிற்பதால் ஃபிக்ஸ் செய்தபின் ஓரளவு தங்கும், ஆனால் அதை வடிவம் பார்க்க மட்டும் நம்புங்கள்.

டிஎம்ஆர்எம் பிரகாசமா இருந்தா மைட்டோகாண்ட்ரியா நல்லா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?

இல்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறது என்றால் மோட்டார் நன்றாக ஓடுகிறது என்றும் இருக்கலாம், வீட்டில் யாரும் குழாயைத் திறக்கவில்லை என்றும் இருக்கலாம். ஒலிகோமைசின் போட்டால் ஒளிர்வு ஏறுவது இரண்டாவது காரணத்தால்தான். ஏடிபி சிந்தேஸை அடைத்துவிட்டோம், புரோட்டான் திரும்பும் வழி குறைந்தது, மின்னழுத்தம் உயர்ந்தது. ஆனால் ஏடிபி உற்பத்தி நின்றுவிட்டது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சுவாசச் சங்கிலி படுத்துவிட்ட செல்லில் ஏடிபி சிந்தேஸ் பின்னோக்கி ஓடி, கிளைக்காலிசிஸில் கிடைத்த ஏடிபியைச் செலவழித்து மின்னழுத்தத்தைக் காப்பாற்றும். அங்கே ஒலிகோமைசின் போட்டால் ஒளிர்வு விழும். எனவே மின்னழுத்தத்தோடு ஆக்சிஜன் நுகர்வையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவு எழுத வேண்டாம்.

மைட்டோடிராக்கர் கிரீன் கூடியிருக்கு. எண்ணிக்கை கூடிடுச்சுன்னு சொல்லலாமா?

'இருக்கலாம்' என்று சொல்லலாம். மைட்டோகாண்ட்ரியாவின் அளவைப் பார்க்கப் போடும் இந்தச் சாயம் மின்னழுத்தத்தை அதிகம் சாராது என்பார்கள், முற்றிலும் சாராது என்று சொல்ல முடியாது. முன்பு சொன்ன பம்புகளும் இதை வெளியே தள்ளும்.

உறுதிப்படுத்த வேறு வழிகள் உண்டு. சிட்ரேட் சிந்தேஸ் நொதியின் வேகத்தை டிடிஎன்பி வைத்து 412 நானோமீட்டரில் அளப்பது பழைய முறை, இன்றும் மதிப்புள்ளது. மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்விலுள்ள டாம்20, விடிஏசி புரதங்களை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைக் காட்டும் முறை) பார்க்கலாம். மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ எண்ணிக்கையைக் குவான்டிடேட்டிவ் பிசிஆரில் எடுக்கலாம், ஒரு மைட்டோகாண்ட்ரிய ஜீனுக்கும் ஒரு நியூக்ளியஸ் ஜீனுக்கும் உள்ள விகிதம். ஒரு பொறி உண்டு. 16,569 பேஸ் நீளமுள்ள அந்த டிஎன்ஏவின் துண்டுகள் பரிணாமத்தில் நியூக்ளியஸ் டிஎன்ஏவிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரைமர் அங்கே போய்ப் பிடித்தால் விகிதம் கெடும். மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவை முழுவதும் இழந்த ரோ-ஜீரோ செல் கிடைத்தால் பிரைமரைச் சோதிக்க அதைவிடச் சிறந்த கன்ட்ரோல் இல்லை. அந்தச் செல்லை வளர்க்க மீடியத்தில் யூரிடினும் பைருவேட்டும் சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் செத்துவிடும்.

சீஹார்ஸ் கிராஃப் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குது. அதை எப்படிப் படிக்கிறது?

சீஹார்ஸ் என்பது ஆக்சிஜன் நுகர்வை அளக்கும் கருவி. அது வெல்லின் அடியில் சில மைக்ரோலிட்டர் மீடியத்தைத் தற்காலிகமாக அடைத்து, அதில் ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்க்கிறது. முதலில் செல்லின் இயல்பான நுகர்வு. பிறகு ஒலிகோமைசின், அடுத்து எஃப்சிசிபி, கடைசியில் சங்கிலியை அடைக்கும் ரொட்டினோனும் ஆன்டிமைசின் ஏயும் சேர்ந்து. மூன்று ஊசிகளுக்கும் மூன்று கேள்விகள். ஏடிபி செய்வதற்காக எவ்வளவு ஆக்சிஜன் போகிறது? தடையே இல்லாமல் ஓடவிட்டால் சங்கிலி எவ்வளவு தாங்கும்? மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே எவ்வளவு போகிறது?

ஒரு கற்பனைக் கணக்கு. இயல்பு 120, ஒலிகோமைசினுக்குப் பின் 35, எஃப்சிசிபிக்குப் பின் 260, கடைசியில் 15. அந்த 15 மைட்டோகாண்ட்ரியா சாராதது, எல்லாவற்றிலிருந்தும் கழியுங்கள். மைட்டோகாண்ட்ரியாவின் இயல்பு நுகர்வு 105. ஏடிபிக்காகப் போனது 120இலிருந்து 35 போக 85. புரோட்டான் கசிவு 20. உச்ச அளவு 245. உச்சத்துக்கும் இயல்புக்கும் உள்ள வித்தியாசமான 140தான் ஸ்பேர் கெபாசிட்டி. செல்லுக்கு நெருக்கடி வந்தால் கைகொடுக்கும் கையிருப்பு அது, பல நேரம் முதலில் தேய்வதும் அதுதான்.

நடைமுறையில் சறுக்குகிற இடங்கள் இவை. அளவிடும் மீடியத்தில் பைகார்பனேட் இருக்கக் கூடாது, பிஎச் 7.4இல் நிற்க வேண்டும். ஓட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம் கார்பன் டை ஆக்சைடு இல்லாத இன்குபேட்டரில் பிளேட் இருக்க வேண்டும். சென்சார் கார்ட்ரிட்ஜை முதல் நாளே ஊறவைக்க வேண்டும். 96 வெல் பிளேட்டில் நான்கு மூலை வெல்களிலும் செல் போடக் கூடாது, அவை பின்னணிக்கு.

ஸ்பேர் கெபாசிட்டி மைனஸில் வருது. செல் அவ்வளவு மோசமா?

பெரும்பாலும் செல் மேல் தவறில்லை, எஃப்சிசிபி அளவில்தான். குறைந்தால் உச்சத்தை எட்டாது, கூடினால் சுவாசமே அடங்கிவிடும். சரியான அளவு செல்லுக்குச் செல் மாறும். 0.25, 0.5, 1, 2 மைக்ரோமோலார் என்று வைத்துப் பார்த்து, வளைவின் உச்சியைத் தேர்ந்தெடுங்கள். மீடியத்தில் சீரமோ ஆல்புமினோ இருந்தால் அது எஃப்சிசிபியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தேவை கூடும். மருந்து கொடுத்த செல்லுக்கும் தனியாக இந்தத் தேடலைச் செய்யுங்கள், கன்ட்ரோல் செல்லின் அளவு அதற்குப் பொருந்தாமல் போகலாம்.

அதற்கும் சரியாகவில்லையா? சில செல்களில் ஒலிகோமைசின் முன்பே இருப்பதால் எஃப்சிசிபியின் உச்சம் தாழ்ந்து வரும். சில வெல்களில் ஒலிகோமைசின் இல்லாமல் நேரடியாக எஃப்சிசிபி கொடுத்து ஒப்பிடுங்கள். மீடியத்தில் பைருவேட்டும் குளுட்டமினும் இருக்கிறதா என்றும் பாருங்கள். எரிக்க எதுவும் இல்லாமல் உச்சம் வராது.

எங்க லேப்ல சீஹார்ஸ் எல்லாம் இல்லை. அப்போ என்ன பண்றது?

கிளார்க் ஆக்சிஜன் எலக்ட்ரோடு போதும். 1950களிலிருந்து இருக்கிறது, பல பழைய உயிர்வேதியியல் துறைகளின் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். மில்லிலிட்டருக்குச் சில மில்லியன் செல்களை எலக்ட்ரோடின் சிறு அறையில் போட்டு, மேலே சொன்ன அதே மருந்துகளை அதே வரிசையில் சிரிஞ்சால் கொடுங்கள். ஒட்டி வளரும் செல்லைப் பிரித்தெடுக்க வேண்டும், செல் நிறையத் தேவைப்படும், ஒரு நேரத்தில் ஒரு மாதிரிதான் ஓடும். இவைதான் குறைகள். பெங்களூரில் சி-கேம்ப் போன்ற பொது வசதிகளில் கட்டணத்துக்குக் கருவிச் சேவை கிடைக்கிறது. எந்தக் கருவி இருக்கிறது என்று முதலில் போன் செய்து கேளுங்கள்.

எலக்ட்ரோடில் ஒரு லாபமும் உண்டு. டிஜிடோனினால் செல் சவ்வை மட்டும் துளைத்துவிட்டு, சங்கிலியின் எந்தப் பகுதி பழுது என்று தேடலாம். பைருவேட்டும் மேலேட்டும் கொடுத்தால் காம்ப்ளெக்ஸ் 1 வழி, ரொட்டினோனோடு சக்சினேட் கொடுத்தால் 2 வழி, ஆஸ்கார்பேட்டும் டிஎம்பிடியும் கொடுத்தால் 4 மட்டும். இந்தச் சோதனைகளில் ஏடிபி சிந்தேஸுக்கு மூலப்பொருளான ADPயையும் சேர்க்க வேண்டும் (தமிழில் எழுதினால் ATP, ADP இரண்டும் ஏடிபிதான், குழம்பாதீர்கள்). இடையில் சைட்டோகுரோம் சி (வெளிச்சவ்வு கிழிந்தால் கசிந்துபோகும் சங்கிலிப் புரதம்) சேர்த்துப் பாருங்கள். நுகர்வு கணிசமாக ஏறினால் டிஜிடோனின் அதிகமாகி மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வும் கிழிந்துவிட்டது என்று பொருள்.

அதே செல், அதே புரோட்டோகால். சென்னையில ஃப்ரெண்டுக்கு வர்ற நம்பரைவிட எனக்கு எப்பவும் பத்து சதவீதம் வித்தியாசம். ஏன்?

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் 91 கிலோபாஸ்கல் அளவில்தான், சென்னையில் 101. அழுத்தம் குறைந்தால் நீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். 37 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள தூய நீரில் கடல் மட்டத்தில் சுமார் 210 மைக்ரோமோலார் ஆக்சிஜன் இருக்கும், இங்கே சுமார் 187. எலக்ட்ரோடைக் காற்றில் காலிபரேட் செய்துவிட்டு, புத்தக அட்டவணையின் கடல் மட்ட எண்ணைப் போட்டால் உங்கள் நுகர்வு முழுவதும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வரும். உங்கள் லேபுக்குள் ஒப்பிடும்போது இது தெரியாது. வேறு ஊரோடு ஒப்பிடும்போதுதான் மண்டையைக் குடையும்.

ஆக்சிஜன் நுகர்வை அளக்கும் ஓரோபோராஸ் கருவியில் காற்றழுத்த சென்சார் உள்ளேயே இருக்கிறது. மற்றவற்றில் அழுத்தத்தை நீங்கள் உள்ளிட வேண்டுமா என்று பாருங்கள். அப்படி உள்ளிடும்போது போனில் வானிலை ஆப் காட்டும் 1010, 1013 போன்ற எண்ணைப் போடாதீர்கள். அது கடல் மட்டத்துக்குத் திருத்திச் சொன்ன எண். இங்கே உண்மையான அழுத்தம் 910 ஹெக்டாபாஸ்கலை ஒட்டி இருக்கும்.

இன்குபேட்டரிலும் இதன் நிழல் உண்டு. 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு என்பது இங்கே கடல் மட்டத்தைவிடக் குறைந்த பகுதியழுத்தம், அதனால் அதே மீடியத்தின் பிஎச் சுமார் 0.05 கூடும். பல செல்கள் இதைப் பொருட்படுத்தாது. மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகும் பொருந்தவில்லை என்றால் இதை யோசியுங்கள்.

நம்பரை எதால வகுக்கணும்? புரதமா, செல் எண்ணிக்கையா?

மருந்து செல்லின் பருமனை மாற்றாது என்றால் இரண்டும் ஒன்றுதான். மாற்றினால் புரதம் ஏமாற்றும். என் வழக்கம், ஓட்டம் முடிந்ததும் அதே பிளேட்டில் ஹெக்ஸ்ட் போட்டு நியூக்ளியஸ்களை எண்ணுவது. மைட்டோகாண்ட்ரியா குறைந்ததால் நுகர்வு குறைந்ததா, இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவே மந்தமானதா என்ற கேள்வி வந்தால் சிட்ரேட் சிந்தேஸால் வகுங்கள். எதால் வகுத்தீர்கள் என்பதைப் படத்தின் அச்சிலேயே எழுதுங்கள்.

ஒரே பிளேட்டில் ஆறு வெல் வச்சிருக்கேன். என் (n) ஈகுவல் டு சிக்ஸ்தானே?

ஒன்று. n என்பது தனித்தனியாகச் செய்த சோதனைகளின் எண்ணிக்கை. வேறு நாள், வேறு பாசேஜ் (செல்லைப் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றும் ஒரு சுற்று), புதிதாகக் கலக்கிய மருந்து, அப்போதுதான் இரண்டு.

மைட்டோசாக்ஸ் சிவப்பா வந்துடுச்சு. சூப்பராக்சைடு உறுதிதானே?

அவ்வளவு சீக்கிரம் இல்லை. மைட்டோகாண்ட்ரியாவின் சூப்பராக்சைடைப் பார்க்கப் போடும் மைட்டோசாக்ஸும் மின்னழுத்தத்தால் உள்ளே இழுக்கப்படுகிற சாயம்தான், எனவே டிஎம்ஆர்எம்முக்குச் சொன்ன எச்சரிக்கைகள் இதற்கும் உண்டு. சூப்பராக்சைடோடு சேர்ந்து உருவாகும் பொருளும், வேறு வழிகளில் ஆக்சிஜனேற்றம் அடைந்து உருவாகும் பொருளும் சிவப்பாகவே ஒளிரும். இரண்டையும் திட்டவட்டமாகப் பிரிக்க எச்பிஎல்சி வேண்டும். சாயத்தைத் தாராளமாகப் போட்டால் அதுவே சுவாசத்தைக் கெடுக்கும். நியூக்ளியஸ் பளிச்சென்று சிவந்தால் சாயம் அதிகம், அல்லது மின்னழுத்தம் போய்ச் சாயம் சிதறிவிட்டது.

ஆன்டிமைசின் ஏ போட்ட வெல் ஒன்றும், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும் ஆன்டிஆக்சிடன்ட் போட்ட வெல் ஒன்றும் வைத்து, ஒளிர்வு முறையே ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். டிசிஎஃப்டிஏ சாயம் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அது செல் முழுவதுமுள்ள பொதுவான ஆக்சிஜனேற்றத்தைக் காட்டும், மைட்டோகாண்ட்ரியாவைத் தனியாகக் காட்டாது.

படத்துல மைட்டோகாண்ட்ரியா துண்டு துண்டா இருக்கு. செல் சாகப்போகுதா?

செல் பிரியும் நேரத்தில் டிஆர்பி1 புரதம் மைட்டோகாண்ட்ரியாவைத் துண்டாக்குவது இயல்பு. எஃப்சிசிபி போட்டாலும் துண்டாகும். லேசரை அதிகம் அடித்தாலும் ஆகும், அதை மருந்தின் விளைவு என்று எழுதிவிடுவார்கள். பட்டினி போட்ட செல்லில் நேர்மாறாக நீண்டு இணையும், அதை வைத்து அந்தச் செல் கொழுத்த ஆரோக்கியத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. வடிவம் ஒரு துப்பு, தீர்ப்பு இல்லை. எந்தக் குழு என்று தெரியாமல் வேறொருவர் படங்களை வகைப்படுத்தட்டும். உங்கள் கண்ணுக்கு வேண்டியது மட்டும் தெரியும்.

ஆக்சிஜன் நுகர்வு பாதியாகிடுச்சு, ஆனா ஏடிபி குறையவே இல்லை. எந்த டெஸ்ட் பொய்?

இரண்டும் உண்மை. ஏடிபியை ஒளியாக மாற்றி அளக்கும் லூசிஃபெரேஸ் முறை அந்த நொடியில் கையிருப்பில் உள்ள ஏடிபியைச் சொல்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. ஹை குளுக்கோஸில் கிளைக்காலிசிஸ் ஈடுகட்டியிருக்கும், மீடியம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மஞ்சளாகியிருந்தால் அதுவே சாட்சி. லாக்டேட்டை அளந்து பாருங்கள். கிளைக்காலிசிஸை அடைக்கும் 2-டிஆக்சிகுளுக்கோஸ் கொடுத்தோ, முன்பு சொன்ன கேலக்டோஸ் மீடியத்திலோ மறுபடி ஏடிபி எடுங்கள். மறைந்திருந்த குறை வெளியே வரும்.

டாக்சிசைக்ளின் போட்டு ஜீனை ஆன் பண்றேன். ஆன் பண்ணின உடனே சுவாசம் குறையுது. ஜீனோட வேலைதானே?

டாக்சிசைக்ளின் பாக்டீரியாவின் ரைபோசோமை அடைக்கும் மருந்து. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் அதன் உறவுக்காரன். அங்கே 13 புரதங்கள் மட்டுமே தயாராகின்றன, ஆனால் அத்தனையும் சுவாசச் சங்கிலியிலும் ஏடிபி சிந்தேஸிலும் போய் உட்காருபவை. ஆக மருந்தே சுவாசத்தைக் குறைக்கலாம். ஜீன் இல்லாத வெற்று வெக்டர் செல்லுக்கும் அதே அளவு, அதே நேரம் டாக்சிசைக்ளின் கொடுங்கள். 'மருந்து இல்லாத செல்' இங்கே கன்ட்ரோல் ஆகாது. குளோராம்பெனிகால் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே பதில்.

ஹீலா செல்லில் சிசிசிபி போட்டேன். மைட்டோஃபேஜி வரவே இல்லையே?

மைட்டோஃபேஜி என்பது பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் செல் அகற்றுவது. ஹீலா என்ற புற்றுநோய் செல்லில், அந்த வேலைக்கு உதவும் பார்க்கின் புரதம் கிட்டத்தட்ட இல்லை. பார்க்கினை வெளியிலிருந்து கொண்டுவந்து வெளிப்படுத்தினால்தான் பாடப்புத்தகப் படம் வரும். அப்படி வந்தாலும், சிசிசிபி (எஃப்சிசிபியைப் போன்ற அன்கப்ளர்) செல்லிலுள்ள மைட்டோகாண்ட்ரியா அத்தனையையும் ஒரேயடியாகக் கவிழ்க்கிற அடி என்பதை மறக்க வேண்டாம். மென்மையான பாதிப்பைத் தேடுகிறவர்கள் எம்டி-கீமா போன்ற, அமிலத்தில் நிறப் பண்பு மாறும் புரதத்தை வைத்துப் பார்க்கலாம்.

நோயாளியோட தோல் ஃபைப்ரோபிளாஸ்ட்ல எல்லாம் நார்மல்னு வருது. ஆனா டாக்டர் மைட்டோகாண்ட்ரிய நோய்னு சொல்றார். யார் சொல்றது சரி?

இருவரும் சரியாக இருக்கலாம். மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவில் வரும் பிழை எல்லாப் பிரதிகளிலும் இருக்க வேண்டும் என்று இல்லை. தசையில் பிழையுள்ள பிரதிகள் நிறைய இருக்க, தோலில் குறைவாக இருக்கலாம். பெரும்பான்மைப் பிரதிகள் கெடும் வரை சுவாசம் விழாமல் தாக்குப்பிடிப்பதும் சகஜம். வளர்ப்பில் பாசேஜ் ஏற ஏற விகிதம் நகரவும் கூடும். கேலக்டோஸ் கொடுத்தால் கெட்ட செல்கள் பின்தங்கி நல்லவை மேலே வரும், அதாவது நீங்களே நோயை வடிகட்டிவிடுவீர்கள்.

குறைந்த பாசேஜில் செய்யுங்கள். வயதும் பாசேஜும் பொருந்துகிற ஒன்றுக்கு மேற்பட்ட கன்ட்ரோல் செல்களை வையுங்கள், அளக்கிற அன்றே டிஎன்ஏவையும் எடுத்து விகிதம் பாருங்கள். நம் அறையில் வரும் எண் ஆராய்ச்சிக்கு மட்டும். நோயாளியின் வீட்டார் கேட்டால் பெங்களூரின் நரம்பியல் மருத்துவமனையான நிமான்ஸ் போன்ற இடத்தில் அவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள், கிராஃபைக் கையில் கொடுக்காதீர்கள்.